சுங்கவாசல் – 14: மூன்று மடங்கும் முப்பது வீதமும்

சென்ற பகுதியை 1624 இல், இலண்டன் பாராளுமன்றத்தில் நிறுத்தியிருந்தோம். சீட்டுக்கட்டு விற்கும் உரிமையை எலிசபெத் மகாராணி ஒரே ஆளுக்கு எழுதிக் கொடுத்தது, அதை மீறி விற்ற வியாபாரியை உரிமைக்காரரான டார்சி நீதிமன்றத்துக்கு இழுத்தது, கடைசியில் டார்சியே தோற்றது எல்லாம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அரச தயவில் கிடைத்த ஏகபோகங்களைச் செல்லாதவை ஆக்கிய 1624 சட்டத்துக்கு அந்த வழக்குத்தான் பாதை போட்டது. அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவை மட்டும் இந்த வாரத்துக்கென்று எடுத்து வைத்திருந்தேன்.

ஏகபோகத்தால் நட்டப்பட்டவர் தாமே வழக்குப் போடலாம் என்கிறது அந்தப் பிரிவு. வென்றால் பட்ட நட்டத்தில் மூன்று மடங்கு, வழக்குச் செலவில் இரண்டு மடங்கு. அரசாங்கம் விசாரித்துத் தண்டிக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. எந்த அதிகாரியின் வாசலிலும் நிற்க வேண்டியதில்லை. சந்தையில் அடிபட்ட வியாபாரியையே சட்டம் காவலுக்கு வைத்து, அதற்குக் கூலியாக அந்த மூன்று மடங்கைக் காட்டியது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதே சட்டம், வணிகக் கம்பனிகளுக்கு இது பொருந்தாது என்று ஒன்பதாம் பிரிவில் ஒரு பின்வாசலையும் திறந்துவிட்டது. கிழக்கிந்தியக் கம்பனி அந்த வழியால் தப்பியது. நம் கரைக்கு வந்த ஒல்லாந்தக் கம்பனியைக் கேட்க அப்படியொரு சட்டமும் இருக்கவில்லை. 1667 தொடக்கம் 1676 வரை கற்பிட்டியில் கோட்டை கட்டி, கண்டி இராச்சியத்துக்கும் கடலுக்கும் இடையில் போய்வந்த சரக்கை மறித்து வைத்தார்கள். குறிஞ்சிப்பிட்டியில் பஸ் ஏறிக் கற்பிட்டியில் இறங்கினால் அந்தச் சுவர்களைப் பார்க்கலாம். இப்போது கடற்படை அங்கே இருக்கிறது. அன்று நட்டப்பட்ட பாக்கு வியாபாரி யாரிடமாவது முறையிட நினைத்திருந்தால், கம்பனியின் அதிகாரியிடம்தான் போய் நின்றிருக்க வேண்டும்.

மூன்று மடங்கு என்ற அந்தக் கணக்கு அட்லாண்டிக்கைக் கடந்தது. 1890 இல் அமெரிக்கா நிறைவேற்றிய ஷெர்மன் சட்டமும், 1914 இல் வந்த கிளேட்டன் சட்டமும் அதை அப்படியே வைத்துக்கொண்டன. அமெரிக்காவில் போட்டிச் சட்ட வழக்குகளில் பெரும்பாலானவை இன்றும் தனியார் போடுபவை. ஆசியாவின் பல நாடுகள் வேறு வழியால் போயின. நட்டப்பட்டவர் ஆணைக்குழு ஒன்றிடம் முறையிடுவார், ஆணைக்குழு விசாரிக்கும், தண்டப் பணம் விதிக்கும். அந்தப் பணம் யாருக்குப் போகிறது என்பதை எவரும் அதிகம் கேட்பதில்லை. இந்தியாவின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் 47ஆம் பிரிவைப் பார்த்தால் விடை இருக்கிறது: அரசின் ஒருங்கிணைந்த நிதிக்கு.

இந்த இரண்டு வழிகளும் நேருக்கு நேர் முட்டிக்கொண்ட இடம், தமிழர்களுக்கு நன்கு தெரிந்த ஒரு கட்டடம்: சென்னை உயர் நீதிமன்றம்.

கதையைத் தொடங்கிவைத்தவர்கள் கல்யாணத் தரகர்கள். வேட்டி கட்டி, குடையும் ஜாதகக் கட்டுமாக வீடு வீடாக ஏறியவர்களைச் சொல்லவில்லை. முருகவேல் ஜானகிராமன் அமெரிக்காவில் இருந்தபோது 1997 அளவில் தமிழர்களுக்காக நடத்திய ஓர் இணையத்தளத்தில் மணமகன், மணமகள் தேடும் பகுதி சூடுபிடிக்க, அதுவே பாரத் மேட்ரிமோனி என்ற சென்னை நிறுவனமாக வளர்ந்தது. 2009 இல் இந்த நிறுவனம், அப்போது கன்சிம் இன்ஃபோ என்ற பெயரில், கூகுளின் மேல் சென்னையில் வழக்குப் போட்டது. 'தமிழ் மேட்ரிமோனி' என்று ஒருவர் தேடினால், பக்கத்தில் போட்டிக் கம்பனியின் விளம்பரம் வருகிறது. தங்கள் வர்த்தகக் குறியைக் கூகுள் ஏலத்தில் விற்கிறது என்பது முறைப்பாடு. எதிராளிகள் வரிசையில் கூகுளோடு ஷாதி டொட் கொம்மை நடத்தும் நிறுவனமும், ஜீவன்சாத்தியும் இருந்தன. 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தார். 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்றவை பொருளை விவரிக்கும் பொதுச் சொற்கள், அவற்றை ஒருவர் வேலி போட்டு வைத்துக்கொள்ள முடியாது என்பது அவர் கண்ட நியாயம். இந்த எதிராளிகளின் பெயர்களை வாசகர்கள் மனதில் வைத்திருக்க வேண்டும்.

வர்த்தகக் குறியில் தோற்ற நிறுவனம் 2012 இல் டில்லியில் உள்ள இந்தியப் போட்டி ஆணையத்தின் கதவைத் தட்டியது. நுகர்வோர் அமைப்பான கட்ஸும் தனியாக முறையிட்டது. தேடல் முடிவுகளில் கூகுள் தன் சேவைகளுக்கே முன்னிடம் கொடுக்கிறது என்பதுதான் இப்போது குற்றச்சாட்டு. தீர்ப்பு 2018 பெப்ரவரி 8 இல் வந்தது. ஆறு ஆண்டுகள். பெரும்பான்மை உறுப்பினர்கள் கூகுள் தன் ஆதிக்க நிலையைச் சில விடயங்களில் துஷ்பிரயோகம் செய்ததாகக் கண்டார்கள், இருவர் மாறுபட்டார்கள், 135.86 கோடி இந்திய ரூபா தண்டம் விதிக்கப்பட்டது. முறையிட்ட நிறுவனத்துக்கு அதில் ஒரு சதமும் இல்லை. நட்டஈடு வேண்டுமானால் 53என் பிரிவின் கீழ் மேன்முறையீட்டுத் தீர்ப்பாயத்தில் புதிதாகக் கோர வேண்டும். அதையும், ஆணையமோ தீர்ப்பாயமோ தவறு நடந்தது என்று சொன்ன பிறகுதான் கேட்கலாம்.

அடுத்த சண்டை செயலிக் கடையில் வெடித்தது.

அண்ட்ரோய்ட் போனில் ஒருவர் ஒரு செயலிக்குள் 100 ரூபா கட்டுகிறார் என்று வைப்போம். கூகுளின் சொந்தக் கட்டண வாயில் வழியாகக் கட்டினால், கூகுள் 30 ரூபாவை எடுத்துக்கொண்டு 70 ஐச் செயலிக்காரருக்குக் கொடுக்கும். அதே 100 ரூபாவை வெளியில் உள்ள கட்டண நிறுவனம் ஒன்றின் ஊடாக வாங்கினால், செலவு இரண்டு மூன்று ரூபாவுக்குள் முடியும். டிஜிட்டல் பொருள்களையும் சேவைகளையும் செயலிக்குள்ளேயே விற்கும் எல்லாச் செயலிகளும் தன் வாயிலையே பயன்படுத்த வேண்டும் என்று 2020 செப்டம்பரில் கூகுள் கண்டிப்பாகச் சொன்னது. இந்தியாவில் எதிர்ப்புக் கிளம்பியதும் தவணை 2022 வரை தள்ளிப் போனது. இடையில் ஒரு நிறுவனத்தின் முதல் பத்து இலட்சம் டொலர் வருமானத்துக்கும், பிறகு சந்தாக்களுக்கும் கட்டணம் 15 வீதமாக்கப்பட்டது. பஸ்ஸோ சாப்பாடோ போன் வழியாக வரவழைத்தால் இந்தக் கட்டணம் இல்லை. காதல், கல்யாணம், பாட்டு, பாடம், கதை கேட்பது ஆகியவற்றுக்குத்தான்.

எங்கள் பக்கத்து வெங்காயக்காரருக்கு கொமிஷன் புதிதல்ல. லொறியில் ஏற்றித் தம்புள்ளைக்கு அனுப்பினால் கடைக்காரர் கொமிஷன் எடுக்கத்தான் செய்வார். ஆனால் தம்புள்ளை கட்டுப்படியாகாவிட்டால் நுரைச்சோலைப் பொருளாதார மத்திய நிலையம் இருக்கிறது, கொழும்பு இருக்கிறது, வீதியோரத்தில் குவித்தும் விற்கலாம். இந்தியாவில் விற்பனையாகும் போன்களில் மிகப் பெரும்பாலானவை அண்ட்ரோய்ட். அந்தப் போன்களில் பிளே ஸ்டோரை விட்டு வெளியே போன செயலிக்காரர் வாடிக்கையாளரை எங்கே தேடுவார்?

2022 ஒக்டோபரில் போட்டி ஆணையம் ஐந்து நாள் இடைவெளியில் இரண்டு தீர்ப்புகளை வெளியிட்டது. 20ஆம் திகதி அண்ட்ரோய்ட் விவகாரத்தில் 1,337.76 கோடி ரூபா. 25ஆம் திகதி செயலிக் கடை விவகாரத்தில் 936.44 கோடி. வேறு கட்டண வாயில்களைத் தடுக்கக் கூடாது என்றும் ஆணையிட்டது. கூகுள் அதற்குப் பணிந்தது என்றுதான் சொல்ல வேண்டும், ஒரு விதத்தில். 2023 ஏப்ரலிலிருந்து வாடிக்கையாளர் வெளி வாயிலையும் தேர்ந்தெடுக்கலாம் என்றது. அப்படித் தேர்ந்தெடுத்தால் கட்டணத்தில் 4 வீதம் மட்டும் கழியும். 30 கட்டுபவர் 26 கட்ட வேண்டும், 15 கட்டுபவர் 11. வெளி வாயில்காரருக்குக் கொடுப்பது அதற்கு மேல். கூட்டிப் பார்த்தால் கையில் மிஞ்சுவது ஏறத்தாழப் பழைய கணக்குத்தான்.

இது ஆணையை மதிப்பதா, ஏய்ப்பதா என்று ஆணையத்திடமே கேட்கப் போனார்கள் புதுத்தொழில் நிறுவனங்களின் அமைப்பினர். அங்கே கேட்க ஆளில்லை. தலைவர் 2022 ஒக்டோபரில் ஓய்வு பெற்றிருந்தார், மிஞ்சியிருந்தவர்கள் இரண்டு பேர். சட்டப்படி மூன்று பேர் இருந்தால்தான் கூட்டம் நடக்கும். டில்லி உயர் நீதிமன்றம் 2023 ஏப்ரல் 24 இல், இருப்பவர்களே விண்ணப்பத்தைக் கேட்க வேண்டும் என்று உத்தரவிட்டது. புதிய தலைவராக ரவ்னீத் கவுர் வந்தது மே மாதத்தில்தான். ஓர் ஒழுங்குமுறை ஆணைக்குழுவின் நாற்காலி வெறுமையாகக் கிடந்த அந்தச் சில மாதங்களை இந்த வரலாற்றின் ஓரக் குறிப்பாகத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அடுத்து நடந்ததை அது இல்லாமல் விளங்கிக்கொள்ள முடியாது.

பாரத் மேட்ரிமோனியும் வேறு பல நிறுவனங்களும் சென்னை உயர் நீதிமன்றத்தில் சிவில் வழக்குகளாகப் போட்டன. வழக்குரையை எழுதிய விதம் கவனிக்கத்தக்கது. போட்டிச் சட்டத்தின் பெயரை முன்னால் வைக்காமல், ஒப்பந்தச் சட்டத்தை வைத்தார்கள். ஒரு தரப்பு மட்டும் நினைத்தபடி மாற்றக்கூடிய ஒப்பந்தம் நியாயமற்றது, பொதுக் கொள்கைக்கு விரோதமானது, ஆகவே செல்லாது என்பது வாதம். காரணம் இருந்தது. போட்டி ஆணையம் தீர்மானிக்க வேண்டிய விடயத்தில் சிவில் நீதிமன்றம் கைவைக்கக் கூடாது என்று 61ஆம் பிரிவு சொல்கிறது. பக்க வழியால் உள்ளே போகப் பார்த்தார்கள்.

கூகுளின் சட்டத்தரணிகள் சாட்சி விசாரணை வரை காத்திருக்கவில்லை. வழக்குரையையே நிராகரிக்கக் கேட்டார்கள். நீதிபதி எஸ். சௌந்தர் 2023 ஆகஸ்ட் 3 இல் அதை ஏற்றார். எந்தச் சட்டத்தின் பெயரை எழுதினாலும் உள்ளே இருக்கும் மனக்குறை ஆதிக்கத் துஷ்பிரயோகம்தான், அதைத் தீர்க்கும் அதிகாரமும் ஆற்றலும் போட்டி ஆணையத்துக்கே உண்டு, கட்டண முறை பற்றிய பகுதி 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி ரிசர்வ் வங்கியின் எல்லைக்குள் வரும் என்பது தீர்ப்பின் சாரம். தலைமை நீதிபதி சஞ்சய் வி. கங்காபூர்வாலாவும் நீதிபதி பி.டி. ஆதிகேசவலுவும் 2024 ஜனவரி 19 இல் மேன்முறையீட்டையும் தள்ளினார்கள்.

சட்டத்தின் எழுத்தைப் பார்த்தால் தீர்ப்பில் குற்றம் காண்பது கடினம். 61ஆம் பிரிவை எழுதியது நீதிபதிகள் அல்ல, பாராளுமன்றம். என் மனக்குறை அந்தப் பாராளுமன்றத்தோடுதான். நட்டப்பட்டவரின் கையிலிருந்து வழக்கைப் பிடுங்கி ஆணையத்திடம் கொடுத்த சட்டம், ஆணையத்தில் எப்போதும் மூன்று பேராவது இருப்பார்கள் என்பதற்கு எந்த உத்தரவாதமும் தரவில்லை. 1624 இல் சீட்டுக்கட்டு வியாபாரிக்கு இருந்த உரிமை 2023 இல் ஒரு சென்னை நிறுவனத்துக்கு இல்லை.

ஒரு கிளைக்கதை. அதே நீதிமன்றத்தில் டிஸ்னி ஹொட்ஸ்டாரும் வழக்குப் போட்டிருந்தது. அதன் செயலியை நீக்கக் கூடாது, இப்போதைக்குக் கூகுளுக்கு 4 வீதம் கட்டினால் போதும் என்று 2023 ஜூலையில் இடைக்கால உத்தரவு பெற்றது. பெரிய கம்பனிக்குக் கிடைத்த அந்த நிழல் சிறியவர்களுக்கு நீடிக்கவில்லை.

2024 பெப்ரவரி 9 இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. இடைக்காலப் பாதுகாப்பு கொடுக்கவில்லை. மூன்று வாரத்தில், மார்ச் முதலாம் திகதி வெள்ளிக்கிழமை, பத்து நிறுவனங்களின் செயலிகளைக் கூகுள் கடையிலிருந்து இறக்கத் தொடங்கியது. பாரத் மேட்ரிமோனி போனது. ஷாதி போனது. ஜீவன்சாத்தியின் சொந்தக்காரரான இன்ஃபோ எட்ஜின் நௌக்ரியும் 99 ஏக்கர்ஸும் போயின. 2009 இல் சென்னை நீதிமன்றத்தில் ஒருவரை ஒருவர் எதிர்த்து நின்றவர்கள் இப்போது ஒரே பட்டியலில், ஒரே நாளில் வெளியே நின்றார்கள். வாடிக்கையாளர் போனில் ஏற்கெனவே இருந்த செயலி வேலை செய்தது. புதிதாக யாரும் இறக்கிக்கொள்ள முடியவில்லை. கல்யாணம் பேசும் தொழிலில் புது ஆள் வராவிட்டால் தொழில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மறுநாளே தகவல் தொழில்நுட்ப அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் இதை அனுமதிக்க முடியாது என்று பகிரங்கமாகச் சொன்னார். இரு தரப்பையும் அழைத்துப் பேசினார். 5ஆம் திகதி, தற்காலிகமாகச் செயலிகளைத் திருப்பி ஏற்றுவதாகக் கூகுள் அறிவித்தது. உயர் நீதிமன்றத்தில் கிடைக்காததும் ஆணையத்தில் முடியாததும் ஓர் அமைச்சரின் கோபத்தில் நான்கே நாளில் நடந்தது. தேர்தல் அண்மித்திருந்த காலம் அது. அடுத்த தகராறு தேர்தல் இல்லாத வருடத்தில் வந்தால்? அதே மார்ச் 15 இல் ஆணையம் புதிய கட்டண முறை பற்றிய விசாரணைக்கு உத்தரவிட்டது. 20ஆம் திகதி இடைக்கால நிவாரணம் கேட்டவர்களுக்கு இல்லை என்றது. 936.44 கோடித் தண்டத்தை மேன்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 மார்ச் 28 இல் 216.69 கோடியாகக் குறைத்தது.

வெளிநாடுகளில் இதே சண்டை எப்படிப் போனது என்பதைச் சுருக்கமாகப் பார்க்கலாம். ஃபோர்ட்நைட் விளையாட்டின் சொந்தக்காரரான எபிக், 2020 ஆகஸ்ட் 13 இல் தன் செயலிக்குள் வேண்டுமென்றே சொந்தக் கட்டண வாயிலைப் போட்டது. அன்றே ஆப்பிளும் கூகுளும் அதை இறக்கின. அன்றே எபிக் இரண்டு பேரின் மேலும் வழக்கைத் தாக்கல் செய்தது. வழக்குரை முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது என்பது வெளிப்படை. ஆப்பிள் வழக்கில் எபிக் பெரும்பாலும் தோற்றது. கூகுள் வழக்கில் சான் பிரான்சிஸ்கோ ஜூரி 2023 டிசம்பர் 11 இல் எபிக்கின் பக்கம் நின்றது. மேன்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜூலையில் அதை உறுதிப்படுத்தியது. எபிக் நட்டஈடு கேட்கவில்லை, விதியை மாற்றத்தான் கேட்டது. அமெரிக்க ஐபோன் கடைக்குள் ஃபோர்ட்நைட் திரும்பி வர ஏறத்தாழ ஐந்து வருடம் பிடித்தது. அத்தனை காலம் வருமானத்தை இழந்து தாங்கும் பண பலம் அதற்கு இருந்தது.

பிரித்தானியாவில் கதாநாயகி ஒரு விரிவுரையாளர், ரேச்சல் கென்ட். கோடிக்கணக்கான பாவனையாளர் சார்பில் ஒருவரே வழக்காடலாம், விலகுவதாக எழுதிக் கொடுக்காத எல்லோரும் உள்ளே சேர்ந்தவர்களே என்று 2015 சட்டம் அங்கே வழி திறந்திருந்தது. 2025 ஒக்டோபர் 23 இல் போட்டி மேன்முறையீட்டு நியாயசபை, ஆப்பிள் ஆதிக்கத்தைத் துஷ்பிரயோகம் செய்ததாகத் தீர்த்தது. செயலி விற்பனைக்கு 17.5 வீதமும் செயலிக்குள் நடக்கும் கட்டணத்துக்கு 10 வீதமும் இருந்திருக்க வேண்டும், 30 வாங்கியது அதிகம் என்று கணக்கும் போட்டது. அதே ஆண்டு நவம்பரில் பெர்லின் நீதிமன்றம் விலை ஒப்பீட்டுத் தளமான இடியலோவுக்குக் கூகுள் ஏறத்தாழ 465 மில்லியன் யூரோ கட்ட வேண்டும் என்றது. அது நின்றது 2017 இல் ஐரோப்பிய ஆணையம் கூகுளுக்கு விதித்த 2.42 பில்லியன் யூரோத் தண்டத் தீர்ப்பின் தோளில். ஆணையம் குற்றத்தை நிறுவிக் கொடுக்க, நட்டப்பட்டவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு தன் ஊர் நீதிமன்றத்துக்குப் போகிறார். இந்தியாவின் 53என் பிரிவும் காகிதத்தில் இதைத்தான் நினைத்தது, தீர்ப்பாயம் என்ற ஒற்றை வாசலோடு.

எங்கள் கரைக்கு மிக அருகில் வரும் வழக்கு செயலி பற்றியதல்ல, படுக்கையறை பற்றியது. கண்டக்குழிப் பக்கம் காற்றுப் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்கள் அறையை நேரே வந்து கேட்பதில்லை, முன்பதிவுத் தளங்களில் பிடித்துக்கொண்டு வருகிறார்கள். 'எங்கள் தளத்தில் போட்டதைவிடக் குறைந்த விலையை வேறெங்கும் போடாதே' என்ற நிபந்தனை ஐரோப்பாவில் நீண்ட காலம் இருந்தது. ஹோட்டல்காரர் தன் சொந்த இணையத்தளத்தில்கூட விலையைக் குறைக்க முடியாது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2021 மே மாதத்தில் புக்கிங் டொட் கொம்மின் இந்த நிபந்தனையைச் சட்டவிரோதம் என்றது. 2024 செப்டம்பர் 19 இல் ஐரோப்பிய நீதிமன்றமும், தளம் நடத்துவதற்கு அந்த நிபந்தனை அவசியமான துணை அல்ல என்று சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஐரோப்பிய ஹோட்டல்கள் 2004 தொடக்கம் 2024 வரையான காலத்துக்கு நட்டஈடு கோரும் ஆம்ஸ்டர்டாம் வழக்கில் பெயர் கொடுத்தன. நாலு அறை வைத்திருக்கும் கற்பிட்டிக்காரருக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அது ஐரோப்பிய ஹோட்டல்களுக்கானது.

அவர் கொழும்பில் வழக்காடலாமா? 1987ஆம் ஆண்டின் முதலாம் இலக்க நியாய வர்த்தக ஆணைக்குழுச் சட்டம் ஏகபோகங்களையும், கம்பனிகள் ஒன்றோடொன்று இணைவதையும், போட்டிக்கு விரோதமான நடத்தைகளையும் விசாரிக்க இடம் வைத்திருந்தது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் அதை நீக்கிவிட்டு, மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டது. ஏகபோகம் என்ற தலைப்பே நம் சட்டப் புத்தகத்திலிருந்து அன்று போய்விட்டது. ஏன் போனது, யார் கேட்டுப் போனது, அந்த ஆணைக்குழு இருந்த பதினாறு வருடத்தில் என்ன செய்தது என்பது அடுத்த வாரம்.

(தொடரும்)